உலையில் எரிந்த பட்டியல்

1919 அக்டோபரில் ஒரு நள்ளிரவு. நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டல் உலையில் ஒரு தாள்கட்டு எரிந்துகொண்டிருந்தது. அதை நெருப்பில் போட்டவர்கள், அந்த ஹோட்டலில் மாநாடு நடத்திக்கொண்டிருந்த அமெரிக்கன் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் என்ற அமைப்பின் பொறுப்பாளர்கள். பெயரில் காலேஜ் இருந்தாலும் அது பாடம் நடத்தும் இடமன்று. அறுவை மருத்துவர்களின் சங்கம். அமெரிக்காவிலும் கனடாவிலும் 100 படுக்கைகளும் அதற்கு மேலும் கொண்ட 692 மருத்துவமனைகளுக்கு நேரில் போய்ப் பார்த்து, எவை தேறின, எவை தேறவில்லை என்று அவர்களே தயாரித்த பட்டியல் அது.

தேறியவை 89 மட்டும்.

எண்ணிக்கையை மாநாட்டில் சொல்லிவிட்டார்கள். பெயர்களைச் சொல்லத் துணிவில்லை. தேறாத 603-இல் நாடே மதித்த மருத்துவமனைகளும் இருந்தன. பட்டியல் பத்திரிகைக்காரர்கள் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்ற பயத்தில் இரவோடு இரவாக எரித்துவிட்டார்கள். மருத்துவமனைத் தர அங்கீகாரத்தின் வரலாற்றில் முதல் பெரிய தேர்வு முடிவு வெளியான விதம் இது.

இன்று உலகின் பெரிய மருத்துவமனைகளில் ‘குவாலிட்டி டிபார்ட்மென்ட்’ என்று ஓர் அறை இருக்கிறது. ஆய்வுக்குழு வந்தால் எந்த வார்டில் எந்தக் கோப்பு இருக்க வேண்டும், மருந்து அலமாரிக்குப் பூட்டு உண்டா, தீயணைப்புக் கதவு தானே மூடிக்கொள்கிறதா, கேஸ் ஷீட்டில் கையெழுத்தும் நேரமும் உள்ளனவா என்று ஆண்டு முழுக்கக் கவனிப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். பலர் செவிலியர்களாக வாழ்க்கையைத் தொடங்கியவர்கள். இவர்களுக்கென்று தனித் தொழில்முறைத் தேர்வுகள் வந்து சில பத்தாண்டுகள் ஆகின்றன. மருத்துவமனைக்கு மார்க் போடும் வழக்கம், மருத்துவமனையை அந்த மார்க்குக்குத் தயார் செய்பவருக்கும் மார்க் போடும் வழக்கமாக வளர்ந்த கதை நோயாளியின் கேஸ் ஷீட்டிலிருந்து தொடங்குகிறது.

சர்ஜன்ஸ் காலேஜ் 1913-இல் தொடங்கப்பட்டது. சிகாகோவைச் சேர்ந்த ஃபிராங்க்ளின் மார்ட்டின் அதற்கு முன்னின்றவர். கத்தியைப் பிடிக்கத் தெரிந்தவரெல்லாம் அறுவை மருத்துவர் என்று சொல்லிக்கொண்ட காலம் அது. உறுப்பினராக விரும்புபவர் தாம் செய்த 100 அறுவை சிகிச்சைகளின் விவரத்தை அனுப்ப வேண்டும், அவற்றில் 50 விரிவாக இருக்க வேண்டும் என்று விதி செய்தார்கள். விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. விவரம்தான் வரவில்லை. கை தேர்ந்த மருத்துவர்கள்கூட, “நான் வேலை செய்யும் மருத்துவமனையில் அப்படி எழுதி வைக்கும் பழக்கமே இல்லை” என்றார்கள். ஆளைச் சோதிக்கப் போன இடத்தில், ஆள் வேலை செய்யும் இடமே சோதனைக்கு உரியது என்று புரிந்தது. 1917-இல் கார்னெகி அறக்கட்டளை தந்த 30,000 டாலர் உதவியுடன் மருத்துவமனைகளுக்கான ‘குறைந்தபட்சத் தரம்’ எழுதப்பட்டது. ஒரே பக்கம்; ஐந்து விதிகள்.

மருத்துவர்கள் ஒழுங்கான குழுவாக அமைய வேண்டும். முறையான பட்டமும் உரிமமும் நல்லொழுக்கமும் உள்ளவரையே சேர்க்க வேண்டும்; நோயாளியை அனுப்பி வைப்பவருக்குக் கட்டணத்தில் பங்கு தரக்கூடாது. குழு மாதம் ஒருமுறையாவது கூடி, தன் வேலையைத் தானே திரும்பிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் முழுமையான பதிவேடு வேண்டும். இரத்தம், திசு முதலியவற்றைச் சோதிக்கும் ஆய்வகமும் எக்ஸ்ரே வசதியும் வேண்டும். இவ்வளவுதான். நூறாண்டுக்கு முன் எழுதிய இந்தப் பக்கத்தில் ‘கமிஷன்’ என்று நம்மூரில் சொல்லும் அந்தக் கட்டணப் பங்கு இடம் பெற்றிருப்பதைக் கவனிக்க வேண்டும். அது இரண்டாவது விதியிலேயே இருந்தது.

இந்த ஐந்து விதிகளுக்குப் பின்னால் ஒரு மனிதரின் பிடிவாதம் இருந்தது. எர்னஸ்ட் ஏமரி காட்மன். 1869-இல் பாஸ்டனில் பிறந்தவர். ஹார்வர்டில் மருத்துவ மாணவராக இருந்தபோது, மயக்க மருந்து கொடுக்கும் வேலை அனுபவமில்லாத மாணவர்கள் தலையில் விழும். அவருடைய வகுப்புத் தோழர் ஹார்வி குஷிங் ஈதர் கொடுத்த ஒரு நோயாளி இறந்துபோனார். பின்னாளில் மூளை அறுவை சிகிச்சையின் முன்னோடியாக உலகம் போற்றிய அதே குஷிங்தான். அந்தச் சாவு இருவரையும் உலுக்கியது. யார் பாதுகாப்பாக மயக்கம் கொடுக்கிறார் என்று ஓர் இரவு விருந்தைப் பந்தயமாக வைத்துக்கொண்டார்கள். யார் ஜெயித்தார் என்று பார்க்கக் கணக்கு வேண்டுமே? அதற்காக 1894-இல் நோயாளியின் நாடித்துடிப்பையும் மூச்சையும் நிமிடக்கணக்கில் குறிக்கும் அட்டைகளைத் தயாரித்தார்கள். இன்று எந்த அறுவை அரங்கிலும் மயக்க மருத்துவர் எழுதும் பதிவுத்தாளுக்கு முன்னோடி அந்த ஈதர் அட்டை.

காட்மன் அட்டையோடு நிற்கவில்லை. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் சேர்ந்த பின், ஒவ்வொரு நோயாளிக்கும் ‘இறுதி விளைவு’ அட்டை ஒன்று வேண்டும் என்று கேட்டார். என்ன தொந்தரவோடு வந்தார், என்ன நோய் என்று நினைத்தோம், என்ன செய்தோம், என்ன சிக்கல் வந்தது, போகும்போது எப்படி இருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு வருடம் கழித்து எப்படி இருக்கிறார்? கடைசிக் கேள்விதான் அவரை எல்லோருக்கும் வேண்டாதவராக்கியது. பதவி உயர்வு பணிமூப்பைப் பார்த்துத் தரப்படக்கூடாது, விளைவைப் பார்த்துத் தரப்பட வேண்டும் என்றார். மருத்துவமனை மறுத்தது. 1914-இல் வேலையை விட்டு விலகினார்.

மறு ஆண்டு ஜனவரியில் உள்ளூர் மருத்துவச் சங்கக் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். மேடையில் ஒரு பெரிய கேலிச்சித்திரத்தைத் திறந்து வைத்தார். பாஸ்டனின் பணக்காரப் பகுதியைக் குறிக்கும் நெருப்புக்கோழி ஒன்று மண்ணில் தலையைப் புதைத்தபடி, மருத்துவர்களை நோக்கிப் பொன் முட்டைகளை உதைத்துத் தள்ளுகிறது. சிகிச்சையின் உண்மையான விளைவை அந்தக் கோழிக்குச் சொன்னால் முட்டை தொடர்ந்து கிடைக்குமா என்று பெரியவர்கள் யோசிக்கிறார்கள். கூட்டத்தில் கொந்தளிப்பு. தலைவர் பதவி போனது. ஹார்வர்டில் ஆசிரியர் பணியும் போனது.

இதற்கிடையில் 1911-இலேயே பாஸ்டனின் பிங்க்னி தெருவில் சொந்தமாகச் சிறிய மருத்துவமனை நடத்தத் தொடங்கியிருந்தார். 1911 முதல் 1916 வரை அங்கிருந்து வீடு திரும்பிய நோயாளிகள் 337 பேர். நேர்ந்த தவறுகள் 123 என்று அவரே எண்ணி, அவரே வகைப்படுத்தி, அச்சிட்டு வெளியிட்டார். அறிவு போதாமையால் வந்தது எது, முடிவெடுப்பதில் சறுக்கியது எது, கவனக்குறைவு எது, நோயைக் கண்டறிவதில் பிழைத்தது எது என்று பிரித்தார். தன் தவற்றைத் தன் காசில் அச்சடித்து ஊருக்குக் காட்டிய மருத்துவர்கள் அதற்கு முன்னும் பின்னும் மிகக் குறைவு. 1940-இல் அவர் இறந்தபோது கல்லறையில் பெயர்க்கல் வைக்கக்கூடப் பணமில்லை.

சர்ஜன்ஸ் காலேஜின் மருத்துவமனைத் தர நிர்ணயக் குழுவுக்கு முதல் தலைவர் இதே காட்மன்தான். ஆனால் 1917-இல் வெளியான ஒரு பக்கத்தில் அவருடைய கடைசிக் கேள்வி இல்லை. பதிவேடு வேண்டும் என்ற விதி வந்தது; ஒரு வருடம் கழித்து நோயாளி எப்படி இருக்கிறார் என்று தேடிப் போகும் கடமை வரவில்லை. இந்த விடுபடலின் நிழல் பின்னால் வந்த எல்லா விதிநூல்கள் மேலும், எல்லாத் தேர்வுகள் மேலும் விழுந்திருக்கிறது.

எரிந்த பட்டியலுக்குப் பிறகு வேகம் பிடித்தது. தேறாத மருத்துவமனைகள் பதிவேடு அறை அமைத்தன, ஆய்வகம் கட்டின. 1926-இல் விதிநூல் 18 பக்கங்களாக வளர்ந்தது. கனடாவைச் சேர்ந்த மால்கம் மெக்கேக்கர்ன் இந்த இயக்கத்தைப் பல ஆண்டுகள் தோளில் சுமந்தார். மருத்துவமனை நிர்வாகம் பற்றி 1935-இல் அவர் எழுதிய பெரிய நூல் ஒரு தலைமுறைக்குப் பாடநூலாக இருந்தது. 1950-இல் அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் 3,200-ஐத் தாண்டின. ஒரு சங்கம் தனியாகத் தாங்கும் செலவாக அது இல்லை. 1951-இல் மருத்துவர், மருத்துவமனைச் சங்கங்கள் சேர்ந்து ‘ஜாயின்ட் கமிஷன்’ என்ற கூட்டு ஆணையத்தை உருவாக்கின. கனடா 1959-இல் பிரிந்து சொந்த அமைப்பு வைத்துக்கொண்டது.

இங்கே ஒரு பெண்மணியை நினைக்க வேண்டும். கேஸ் ஷீட் கட்டாயம் என்றதும், அதை எழுத வைக்கவும் அடுக்கவும் தேடிக் கொடுக்கவும் ஆள் தேவைப்பட்டது. ‘ரெக்கார்ட் லைப்ரேரியன்’ என்ற வேலை அப்படித்தான் பரவியது. 1928-இல் அந்த வேலையில் இருந்தவர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தபோது முதல் தலைவரானவர் கிரேஸ் வைட்டிங் மயர்ஸ். காட்மன் சண்டையிட்டு வெளியேறிய அதே மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் நூலகர். 1930-களில் அந்தச் சங்கம் பயிற்சிக்கும் பதிவுச் சான்றுக்கும் வழி செய்தது. மருத்துவமனையில் நோயாளியைத் தொடாமல், நோயாளியைப் பற்றிய தாளைக் காப்பவருக்கும் தகுதிச் சான்று வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியது அங்கேதான். இன்றைய தர அங்கீகார நிபுணரின் மூதாதை என்று கிரேஸ் மயர்ஸைச் சொன்னால் அது மிகையல்ல.

ஆனாலும் 1965 வரை இந்த அங்கீகாரம் கௌரவப் பட்டமாகத்தான் இருந்தது. அந்த ஒரே ஆண்டில் நடந்த இரண்டு காரியங்கள் அதைச் சோற்றுப் பிரச்சினையாக்கின.

முதலாவது மெடிகேர். முதியவர்களின் மருத்துவச் செலவை அரசு ஏற்கும் சட்டம் 1965 ஜூலையில் கையெழுத்தானது. எந்த மருத்துவமனைக்குப் பணம் தருவது? ஜாயின்ட் கமிஷன் அங்கீகரித்திருந்தால் அரசின் நிபந்தனைகளையும் நிறைவேற்றியதாகக் கொள்ளலாம் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். அங்கீகாரம் போனால் வருமானமும் ஆட்டம் காணும் நிலை வந்தது.

இரண்டாவது ஒரு வழக்கு. 1960 நவம்பரில் இல்லினாய் மாநிலத்துக் கல்லூரி மாணவர் ஒருவருக்குக் கால்பந்து ஆடும்போது கால் முறிந்தது. வயது 18. சார்ல்ஸ்டன் என்ற சிற்றூரின் மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டு இறுகிப்போனது. விரல்கள் வீங்கின, கறுத்தன, சில்லிட்டன, உணர்வற்றுப் போயின. வார்டில் நாற்றம் எழுந்தது. பதினான்கு நாள் கழித்து செயின்ட் லூயிஸ் நகரின் பெரிய மருத்துவமனைக்கு மாற்றியும் முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. “வைத்தியம் பார்த்தது மருத்துவர், நாங்கள் கட்டடமும் கட்டிலும் கொடுத்தவர்கள்” என்பதே மருத்துவமனையின் வாதம். மாநில உச்ச நீதிமன்றம் 1965-இல் அதை ஏற்கவில்லை. மருத்துவமனையின் சொந்த விதிகள், மாநில உரிம விதிகள், ஜாயின்ட் கமிஷனின் தரங்கள் ஆகிய மூன்றையும் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம் என்றது. டார்லிங் வழக்கு என்று சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் தீர்ப்பு இது. வார்டில் பார்த்துக்கொண்டிருந்த செவிலியர் ஏன் மேலிடத்துக்குச் சொல்லவில்லை, அந்த மருத்துவருக்கு எலும்பு முறிவில் என்ன பயிற்சி என்று யார் சரிபார்த்தார்கள் என்ற கேள்விகள் அதன் பின் ஒவ்வொரு மருத்துவமனையின் கதவையும் தட்டின.

அலமாரியில் கிடந்த விதிநூலைக் கரைத்துக் குடித்த ஓர் ஆள் தேவைப்பட்டார். 1970-இல் ஜாயின்ட் கமிஷன் ‘குறைந்தபட்சம்’ என்ற சொல்லையே விட்டுவிட்டு, ‘எட்டக்கூடிய உயர்ந்த தரம்’ என்று இலக்கை மாற்றியதும் நூல் தடித்தது. 1976-இல் தர உறுதிப் பணியாளர்கள் தேசிய அளவில் சங்கம் கண்டார்கள். 1978-இல், மருத்துவர்களின் பட்டங்களையும் உரிமங்களையும் சரிபார்க்கும் பணியாளர்கள் சங்கம் கண்டார்கள். அந்தச் சங்கங்களின் வழியே தேர்வுகள் வந்தன. முதல் சங்கத்தின் தேர்வுதான் இன்று சி.பி.எச்.க்யூ. என்று நம்மூர்ச் செவிலியர்களுக்கும் தெரிந்த சான்றிதழ். பின்னர் அங்கீகார விதிகளுக்கென்றே தனித் தேர்வுகளும் பிறந்தன: ஜாயின்ட் கமிஷனின் தரங்களுக்கான சி.ஜே.சி.பி., டெக்சாஸைச் சேர்ந்த சி.ஐ.எச்.க்யூ. அமைப்பு நடத்தும் எச்.ஏ.சி.பி. பின்னது அரசின் மெடிகேர் நிபந்தனைகளைக் கேட்கும். அந்த நிபந்தனைகளுக்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் கையேட்டில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு; ஏ-0385 என்றால் செவிலியர் பணி. ஊர்ப் பெயர் கேட்டதும் பின்கோடு சொல்லும் பழைய தபால்காரர் மாதிரி, இந்த எண்களை வாயில் வைத்திருப்பவர்களை மருத்துவமனைகள் தேடிப் பிடிக்கின்றன.

இந்தத் தேர்வுகள் தயாராகும் விதம் தெரிந்துகொள்ளத் தக்கது. முதலில் அந்த வேலையில் இருப்பவர்களிடம் பெரிய அளவில் கணக்கெடுப்பு: அன்றாடம் என்ன செய்கிறீர்கள், எது அடிக்கடி வருகிறது, எதில் தவறினால் ஆபத்து? அதை வைத்துத்தான் எந்தப் பகுதிக்கு எத்தனை கேள்வி என்று பிரிக்கிறார்கள். சி.பி.எச்.க்யூ. தேர்வில் 140 கொள்குறி வினாக்கள், மூன்று மணி நேரம். அவற்றில் 125-க்குத்தான் மதிப்பெண். மீதி 15, அடுத்த தேர்வுக்காக வெள்ளோட்டம் பார்க்கும் வினாக்கள். எவை என்று எழுதுபவருக்குத் தெரியாது. தேர்ச்சி மதிப்பெண்ணை 35, 40 என்று முன்கூட்டியே அறுதியிட்டு வைப்பதும் இத்தகைய தேர்வுகளின் வழக்கமில்லை. அமெரிக்கத் தேர்வியல் அறிஞர் வில்லியம் ஆங்காஃப் 1971-இல் ஒரு கட்டுரையின் அடிக்குறிப்பில் சொன்ன வழி இன்று தொழில்முறைத் தேர்வுகளில் பரவலாக இருக்கிறது. துறை வல்லுநர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, “வேலைக்குக் குறைந்தபட்சத் தகுதி மட்டும் உள்ள நூறு பேர் இந்தக் கேள்வியை எழுதினால் எத்தனை பேர் சரியாகச் சொல்வார்கள்?” என்று ஒவ்வொரு வினாவாக மதிப்பிடுகிறார்கள். அந்த மதிப்பீடுகளின் கூட்டல்தான் தேர்ச்சிக் கோடு. வினாத்தாள் கடினமானால் கோடு தானே இறங்கும்.

வினாக்களும் மனப்பாடத்தோடு நிற்பதில்லை. ஒரு வார்டில் நோயாளிகள் விழுவது மூன்று மாதமாகக் கூடுகிறது, வரைபடம் இதோ, முதலில் என்ன செய்வீர்கள் என்ற பாணியில் வரும். சான்றிதழும் ஆயுள் சொத்தில்லை, சி.பி.எச்.க்யூ. இரண்டு ஆண்டுக்குத்தான். அதற்குள் 30 மணி நேரத் தொடர்கல்வி காட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

இந்த வேலையின் தன்மையை அடியோடு மாற்றிய ஆண்டு 2006. அதுவரை ஜாயின்ட் கமிஷன் குழு வரும் தேதி முன்பே தெரியும். வெள்ளையடிப்பு, புதுப் படுக்கை விரிப்பு, இரவு பகலாகக் கையெழுத்து வேட்டை என்று மருத்துவமனைகள் கல்யாண வீடாக மாறும். குழு போனதும் பழைய கதை. அந்த ஆண்டு ஜனவரி முதல் சொல்லாமல் வரத் தொடங்கினார்கள். அதற்குச் சற்று முன்பே ஆய்வு முறையும் மாறியிருந்தது. கோப்புகளைப் புரட்டுவதற்குப் பதில், வார்டில் ஒரு நோயாளியைத் தேர்ந்தெடுத்து, அவர் அவசரப் பிரிவில் நுழைந்ததிலிருந்து ஆய்வகம், அறுவை அரங்கு, மருந்தகம் என்று அவர் போன வழியெல்லாம் போய், வழியில் நிற்கும் ஊழியர்களிடம் கேள்வி கேட்பது. ‘ட்ரேசர்’ என்று இதற்குப் பெயர். குழு வரும் மாதம் மட்டும் விழித்திருக்கும் ஊழியர் இனி போதாது. 365 நாளும் விழித்திருக்கும் நிபுணர் வேண்டும்.

இந்தியாவுக்கு இந்த வழக்கம் 2005 வாக்கில் வந்தது. அந்த ஆண்டு டெல்லி இந்திரப்பிரஸ்தா அப்பல்லோ ஜாயின்ட் கமிஷனின் சர்வதேசப் பிரிவிடம் அங்கீகாரம் பெற்ற முதல் இந்திய மருத்துவமனையானது; அடுத்த ஆண்டு சென்னை அப்பல்லோ. இந்தியத் தரக் குழுமம் மருத்துவமனைகளை அங்கீகரிக்கும் என்.ஏ.பி.எச். வாரியத்தைத் தொடங்கியதும் 2005-இல்தான். காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் ஐந்து விதியில் தொடங்கியது, என்.ஏ.பி.எச். விதிநூலின் ஐந்தாம் பதிப்பில் பத்து அத்தியாயங்கள், 651 கூறுகள். 2025-இல் வந்த ஆறாம் பதிப்பில் அது 639. அரசு மருத்துவமனைகளுக்கென்று 2013-இல் மத்திய அரசு தேசியத் தர உறுதிப்பாட்டு நெறிகளைக் கொண்டுவந்தது. தமிழக அரசு மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் பெறும் என்.க்யூ.ஏ.எஸ். சான்று அதுதான். அதற்கு வெளி மதிப்பீட்டாளராகப் போகிறவர் பயிற்சியும் எடுத்துத் தேர்விலும் தேற வேண்டும். வளைகுடா மருத்துவமனைகளில் தர அலுவலர் வேலைக்கு முயலும் இந்தியச் செவிலியர்கள் சி.பி.எச்.க்யூ. எழுதுவது பழகிப்போன காட்சி.

இத்தனை விதியும் தேர்வும் நோயாளிக்கு என்ன தந்தன? ஐந்து விதிகளின் காலத்தில் தந்தது ஏராளம். பதிவேடும் ஆய்வகமும் எக்ஸ்ரேயும் இல்லாத மருத்துவமனையை இன்று நினைத்துப் பார்க்க முடியாதென்றால் அந்த ஒரு பக்கத்துக்கும் அதில் பங்குண்டு. அதற்குப் பின் கணக்கு அவ்வளவு தெளிவாக இல்லை. 2018-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட ஆய்வு ஒன்று 4,400 அமெரிக்க மருத்துவமனைகளை எடுத்துக்கொண்டது. 3,337 தனியார் அமைப்புகளிடம் அங்கீகாரம் பெற்றவை. 1,063 மாநில அரசின் ஆய்வுக்கு மட்டும் உட்பட்டவை. நோயாளிகளின் இறப்பு விகிதத்தில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. அங்கீகாரம் பெற்றவற்றில், அறுவை தேவைப்படாத நோய்களுக்காக மீண்டும் வந்து சேர்வோர் மட்டும் சற்றே குறைவு.

இதற்காகத் தேர்வுகளைத் தூக்கி எறியச் சொல்வது தவறு. தீக்கதவை மூட வைப்பவரும், தவறான நோயாளிக்கு ஊசி போகாமல் இரண்டு அடையாளம் கேட்க வைப்பவரும் இந்தத் தேர்வை எழுதியவர்கள்தான். அவர்களுடைய உழைப்பு வெளியே தெரிவதில்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. 1917-இல் விடுபட்ட கேள்வி, தேர்வின் மையத்துக்கு இன்னும் வரவில்லை. விதி நிறைவேறியதா என்று கேட்பது எளிது, மார்க் போடுவதும் எளிது. ஒரு வருடம் கழித்து நோயாளி எப்படி இருக்கிறார் என்று கேட்கச் செலவாகும், சில சமயம் தலைகுனிவும் நேரும். காட்மன் பெயரில் ஜாயின்ட் கமிஷன் 1996-இல் ஒரு விருதை ஏற்படுத்தியது. கேம்பிரிட்ஜ் நகரின் மவுன்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தில் அவருக்குப் பெயர்க்கல் வைக்கப்பட்டது 2014-இல்.

அடுத்த முறை ஒரு மருத்துவமனையின் வரவேற்பறையில் சட்டமிட்ட தரச் சான்றிதழைப் பார்த்தால், அது எந்தத் தேதி வரை செல்லும் என்று படித்துப் பாருங்கள். பிறகு மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்: சென்ற வருடம் இதே சிகிச்சையை இங்கே செய்துகொண்டவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள்?